என்னுது!

அந்த நூலகத்தில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்கும் என்பார்கள். அது உண்மையில்லை. ஊசியைக் கையில் எடுத்தாலே நூலகர் நிமிர்ந்து பார்த்துவிடுவார். விழும் அளவுக்கு விஷயம் போனதே கிடையாது.

அவருடைய தாத்தா அந்தக் கட்டடத்தின் முதல் காவலாளி. அப்பா அங்கேயே புத்தகங்களுக்கு அட்டை கட்டத் தொடங்கி, பிறகு நூலகர் நாற்காலிக்கு வந்தார். இவர் மூன்றாம் தலைமுறை. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். பெருங்கோபம் வந்தால் துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பார்கள். "அந்த வீட்டுப் பேச்சு வாசல் தாண்டாது" என்று ஊரில் ஒரு சொல் உண்டு. சிலர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள், சிலர் வேறு மாதிரிச் சொன்னார்கள். நூலகர் எல்லோருமே பாராட்டுவதாக எடுத்துக்கொண்டார்.

மானமுள்ள மனிதர். ஐம்பத்தெட்டு வயதிலும் அவர் முதுகு நாற்காலியின் முதுகைத் தொட்டதில்லை. புத்தகப் பட்டியல் அட்டைகளில் அவர் எழுதும் எழுத்து, முத்தைக் கோத்த மாதிரி இருக்கும். 'ழ' எழுதும்போது மட்டும் அதன் வாலைக் கொஞ்சம் நீட்டி மடக்குவார். அது அவர் அப்பாவிடமிருந்து வந்த வால்.

அந்த வீட்டில் இன்னொரு பழக்கமும் இருந்தது. அதை அவர்கள் யாரும் கவனித்ததில்லை, தன் முதுகு தனக்குத் தெரியாது அல்லவா? அங்கே தவறுகள் நடக்கும், செய்தவர் மட்டும் இருக்க மாட்டார். "கண்ணாடி உடைஞ்சுபோச்சு." "பால் பொங்கிடுச்சு." "சாவி தொலைஞ்சுபோச்சு." உடைத்தேன், பொங்கவிட்டேன், தொலைத்தேன் என்று யாரும் சொன்னதில்லை. எல்லாம் தாமாகவே உடைந்தன, தாமாகவே தொலைந்தன. குடும்பத்தின் மானமும் தன்பாட்டுக்குப் பத்திரமாக இருந்தது.

இப்படி இருந்த நூலகத்துக்குப் பின்னால்தான் ஒரு நாள் கத்தல் கேட்டது.

"என்னுதூ!"

அடுத்து ஒரு 'தொம்'. மறுபடி, "என்னுது, என்னுது, தள்ளுடீ!"

நூலகத்துக்குப் பின்னால் ஒரு பாழ்நிலம் கிடந்தது. அதற்கு ஒரு பக்கம் பட்டறைத் தெரு, மறுபக்கம் ஆபீஸ் தெரு. இரண்டு தெருவுக்கும் இருந்த ஒரே உறவு, இரண்டும் அங்கே குப்பை கொட்டும், கொட்டியது மற்றவர்கள் என்று சொல்லும். அந்த நிலத்தின்மேல் கண்வைத்தவர் தபால்காரம்மா. நாற்பத்தைந்து வயது, ஆண்பிள்ளை நடை, ஒரு காலத்தில் தபால் துறை அணிக்காக வாலிபால் ஆடியவர். இரண்டு தெருவுக்கும் அவர்தான் கடிதம் கொடுப்பார்.

"எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கடிதத்தை வாங்க ஒரு கை மட்டும்தான் வெளிய வருது. படிப்பு முடிச்ச பொண்ணுங்க கை. ஆள் வர்றதில்ல" என்று பின்னால் ஒருமுறை அவர் சொன்னார். "இந்தக் கைய எல்லாம் ஒண்ணா சேர்த்தா ஒரு டீமே தேறுமேன்னு தோணுச்சு."

சேர்த்தார். பன்னிரண்டு கைகள், அதாவது ஆறு பெண்கள், இரண்டு தெருவிலிருந்தும். பின்பு பத்துப் பேர் ஆனார்கள். ஒரு மாதம் குப்பை அள்ளினார்கள். பட்டறைத் தெரு மெக்கானிக் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டுப் பற்றவைத்துக் கொடுத்தார். ஆபீஸ் தெருவிலிருந்து ஒரு வலை வந்தது. அதோடு இந்தக் கத்தலும் வந்து சேர்ந்தது.

கத்தலுக்குக் காரணம் தபால்காரம்மா போட்ட ஒரே ஒரு சட்டம். பந்தை எடுக்கப் போகிறவள் "என்னுது!" என்று கத்தவேண்டும். கத்திவிட்டால் மற்றவர்கள் விலகவேண்டும். பந்தைக் கோட்டைவிட்டாலும் கையைத் தூக்கி "என்னுது" என்று சொல்லவேண்டும். "பந்தும் உன்னுது, தப்பும் உன்னுது. ரெண்டுல ஒண்ண மட்டும் எடுத்துக்க முடியாது" என்பார்.

நூலகருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது கத்தல் மட்டும். நான்கு நாள் கண்ணாடியைத் துடைத்தார். ஐந்தாம் நாள் ஒரு தாளை எடுத்து நகராட்சிக்கு எழுதினார். பின்னாலிருக்கும் நிலத்தில் கூச்சல் தாங்க முடியவில்லை, வாசிப்புக்குப் பங்கம், ஆட்டத்தை நிறுத்த வேண்டும். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. பெண்பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றிப் புகார் எழுதினார் என்று நாளைக்கு ஊர் பேசாதா? அந்த வீட்டுப் பெயர் அப்படி ஒரு காகிதத்தின் அடியில் வரலாமா? கொஞ்சம் யோசித்து, 'இப்படிக்கு, நூலக வாசகர்கள்' என்று எழுதினார். நூலகத்தின் வட்ட முத்திரையைக் குத்தி உறையில் போட்டார்.

வாசகர்கள் என்று சொன்னால், அப்போது மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், காதில் பஞ்சு வைத்திருப்பவர்கள். மூன்றாவது ஆள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் தூங்குவார். முப்பது வருடம் பஸ்ஸில் நின்றவருக்கு அந்தக் கூச்சல் தாலாட்டு மாதிரி.

புகார் போன மூன்றாம் நாள், ஜன்னல் வழியாக ஒரு பந்து உள்ளே வந்தது. அகராதிகள் இருந்த அலமாரியில் மோதி, கண்டக்டரின் செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டு, நூலகரின் மேசைக்கடியில் போய் நின்றது.

கண்டக்டர் பதறி எழுந்தார். "எந்த ஸ்டாப்பு சார் இது?"

நூலகர் பந்தை எடுத்து மேசைமேல் வைத்தார். எடுக்க வருகிறவளுக்கு நாலு வார்த்தை, மெதுவாக, சூடாகச் சொல்லத் தயார் ஆனார். கதவு மெல்லத் திறந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அடிமேல் அடிவைத்து, முழங்காலெல்லாம் மண்ணாக ஒருத்தி வந்தாள். அவ்வளவு மரியாதையாக நூலகத்துக்குள் நடக்கத் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான்.

"அப்பா" என்றாள் அவர் மகள், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

பத்தொன்பது வயது. நூலகத்தில் பட்டியல் அட்டை எழுத அவருக்கு உதவியவள், மாலையில் தோழி வீட்டில் தட்டச்சு பழகுவதாகச் சொல்லிவிட்டுப் போகிறவள். நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"நம்ம வீட்டுல யாராவது தெருவுல நின்னு கத்தியிருக்காங்களா?" என்றார், அதே தாழ்ந்த குரலில்.

"நான் கத்தலப்பா. அதான் அங்க பிரச்சினையே."

"என்ன பிரச்சினை?"

"பந்து வருது. எனக்கு எடுக்கவும் தெரியுது. ஆனா கத்த வாய் வரல. பக்கத்துல நிக்கிறவ நான் எடுக்கப்போறேனா இல்லையான்னு தெரியாம நிக்கிறா. பந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல விழுது."

ஜன்னலில் ஒரு தலை முளைத்தது. மெக்கானிக்கின் மகள். அவளுக்கு அங்கே 'ஹாரன்' என்று பெயர், காரணப் பெயர்தான்.

"ஏய் லைப்ரரி! பந்து கெடைச்சுதா, இல்ல கார்டு எழுதி உள்ள வச்சுட்டாரா உஷ் சார்?" என்றவள், மேசைக்குப் பின்னால் இருந்தவரைக் கண்டதும், "ஐயய்யோ" என்று மறைந்தாள்.

உஷ் சார். நூலகருக்கு முதல்முறையாகத் தெரிந்தது, தனக்கும் ஒரு பட்டப் பெயர் இருக்கிறது என்று. காரணப் பெயர்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை. நூலகரின் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு மகளுக்குப் பரிந்து பேச வந்தார். "விளையாடினா என்ன தேஞ்சா போயிடுவா? எல்லாப் பிள்ளையும்தான் விளையாடுது."

"விளையாடட்டும். நான் வேணாம்னு சொல்லல" என்றார் நூலகர். நியாயமானவர், அதனால் அவருக்கே அது கஷ்டமாக இருந்தது. "ஆனா கத்தக்கூடாது. இந்த வீட்டுக் குரல் வாசல் தாண்டினதில்ல. வாய மூடிட்டு விளையாட முடியும்னா விளையாடு."

அந்த நேரம் அடுப்படியில் புஸ்ஸென்று சத்தம்.

"பால் பொங்கிடுச்சு" என்றார் மனைவி, வழக்கம்போல.

மகளுடைய கை தானாக மேலே போயிற்று. "என்னுது. பார்த்துக்கச் சொல்லிட்டுத்தான் அம்மா வந்தாங்க. நான் இங்க நின்னுட்டேன்." போய்த் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது. வழக்கமாக அந்த வீட்டில் பொங்கிய பால் இரண்டு நாள் பேசப்படும், தீ அதிகம், பாத்திரம் சிறிது, பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று. அன்றைக்கு ஒரு துணியோடு போயிற்று. நூலகருக்கு ஏனோ உட்கார்ந்திருந்த நாற்காலி கொஞ்சம் ஆடியது போல் இருந்தது.

மகள் அப்பா பேச்சைத் தட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு விளையாடினாள். பலன், நான்காம் நாள் பந்துக்குப் போன ஹாரனும் அவளும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் ஆளுக்கொரு கொம்பு முளைத்தது.

"வாயத் தொறந்தா முத்தா கொட்டிடும்? எங்க தெருவுல எரும கூட வர்றப்ப சத்தம் குடுக்கும்டீ!" என்று ஹாரன் கத்தினது நூலகத்துக்குள் தெளிவாகக் கேட்டது. பிறகு அவளே, "சரி சரி, என்னுது. நானும் பார்க்கல. அழாத. வா, ஐஸ் வைக்கலாம்" என்றதும் கேட்டது. ஜன்னலை மூட எழுந்த நூலகர் மூடாமலே நின்றார்.

அந்த ஜன்னலுக்கு அவர் அடிக்கடி போகத் தொடங்கியது அன்றிலிருந்துதான். ஜன்னல் கதவுக்குத் தூசு தட்டினார். ஒரே கதவுக்கு. இரண்டு தெருப் பெண்கள் ஒரே தண்ணீர்ப் பாட்டிலில் மாறி மாறிக் குடிப்பதைப் பார்த்தார். கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தவள் ஒருத்தி, நிலத்தோரம் எரியாத விளக்குக்காக மின்சார அலுவலகத்துக்குத் தனியே போய், ஆளைக் கையோடு கூட்டிவந்து கம்பத்தில் ஏற்றியதைப் பார்த்தார். குப்பை கொட்ட வந்த ஒரு பெரியவரிடம் ஹாரன், "ஐயா, இந்தக் கூடை உங்களுதா?" என்று பணிவாகக் கேட்க, அவர், "இல்லம்மா, சும்மா காத்தாட எடுத்துட்டு வந்தேன்" என்று கூடையோடு திரும்பிப் போனதையும் பார்த்தார். சிரிப்பு வந்தது. கண்ணாடியைத் துடைத்துச் சமாளித்தார்.

ஒரு மாதம் கழித்து தபால்காரம்மா சீருடையில் நூலகத்துக்குள் வந்தார், கையில் ஒரு பதிவுத் தபால்.

"சார், நகராட்சியிலேருந்து. 'நூலக வாசகர்கள்'னு போட்டிருக்கு. யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

நூலகர் பேனாவைத் தேடினார். "வையுங்க, நான் வாங்கிக்கிறேன்."

"எங்க கிளப்புக்கும் ஒண்ணு வந்திருக்கு, சார். நான் படிச்சுட்டேன்." அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "வார்டுப் போட்டி நடக்குற அன்னைக்கு அதிகாரி நேர்ல வர்றாராம். புகார் நிக்குதுன்னா நிலம் வண்டி நிறுத்துற இடமாயிடும். புகார் இல்லேன்னா அஞ்சு வருஷம் பிள்ளைங்களுக்கு. யாரோ இங்கேருந்து புகார் கொடுத்திருக்காங்க. யார் சார் கொடுத்தது?"

நூலகர் வாயைத் திறந்தார். மூன்று தலைமுறை அவருக்காகப் பேசியது.

"புகார் போயிருக்கு" என்றார்.

"அதான் சார், யார் போட்டது?"

"போயிருக்கும்மா. தெரியல, எப்படியோ போயிருக்கு."

தபால்காரம்மா ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு காகிதத்தை நீட்டினார். நூலகர் கையெழுத்துப் போட்டார். தன் வாழ்க்கையிலேயே அந்த ஒரு கையெழுத்துத்தான் கோணலாக வந்தது.

அன்றிரவு அவர் 'புகாரைத் திரும்பப் பெறுகிறோம், இப்படிக்கு நூலக வாசகர்கள்' என்று ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். படித்ததும் அவருக்கே கூசியது. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யா? கிழித்துப் போட்டார். தன் பெயரிலேயே எழுதலாம். எழுதினால் தபால்காரம்மாவிடம் சொன்னது என்னவாகும்? மகள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த வீட்டு ஆள் பொய் சொன்னான் என்றல்லவா ஆகும்? அப்படியே நாட்கள் போயின. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? போட்டி நாள் வந்தே விட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. இருந்தும் நூலகர், பின்ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டார். "எனக்கும் ஜன்னல் பார்க்கணும்" என்றார்.

இரண்டு தெருவும் திரண்டிருந்தது. பட்டறைத் தெரு டயர்களை அடுக்கி உட்கார்ந்திருந்தது, ஆபீஸ் தெரு வீட்டு நாற்காலிகளைக் கொண்டு வந்திருந்தது. பாதி ஆட்டத்துக்குள் டயரில் நாற்காலிக்காரர்களும் நாற்காலியில் டயர்க்காரர்களும் மாறி உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் முன்வரிசையில் நின்று, ஒவ்வொரு சர்வீசுக்கும் "ரைட், போலாம்!" என்று விசிலடித்துக்கொண்டிருந்தார்.

முதல் செட் போனது. பக்கத்து வார்டுக்காரிகள் கெட்டிக்காரிகள். லைப்ரரி வாயைத் திறப்பதில்லை என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து, எல்லாப் பந்தையும் அவளுக்கும் ஹாரனுக்கும் நடுவில் போட்டார்கள். தொம், தொம் என்று விழுந்தது. ஒவ்வொரு முறையும் மகள் கையைத் தூக்கினாள், உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவது செட்டில் ஹாரன் இரண்டு பேருக்கான பந்தையும் தானே ஓடி ஓடி எடுத்து, நாக்குத் தள்ள ஜெயித்துக் கொடுத்தாள்.

மூன்றாவது செட்டுக்கு முன் இடைவேளை. அப்போதுதான் அதிகாரி கோப்போடு நடுவில் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டிருந்தார்.

"ஆட்டம் நல்லா இருக்கு. எனக்கே எழுந்துபோக மனசில்ல" என்றார். "ஆனா இந்தக் கோப்புல ஒரு புகார் இருக்கு. முத்திரை இருக்கு, பேர் இல்ல. வாசகர்கள்னு போட்டிருக்கு. அந்த வாசகர் யாரோ, அவர் வந்து திரும்ப வாங்கினா இங்கேயே முடிச்சுடுவேன். யாரும் வரலேன்னா நூலக முத்திரையோட வந்த புகார், நிக்குதுன்னுதான் நான் எழுதணும். வேற வழியில்ல."

கூட்டத்தில் எல்லாத் தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது.

"இந்த ஊர்ல நூலகத்துக்குப் போற வாசகர் யாரு?" என்றது ஒரு குரல்.

"கண்டக்டர்தான்!"

கண்டக்டரின் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது. "நானா? ஐயா, நான் அங்க போறதே தூங்கத்தான்!"

"தூக்கம் கெட்டுடுச்சுன்னு எழுதினீங்களா தாத்தா?" ஹாரன் முன்னே வந்தாள், கண்ணில் நீர் முட்டியது. "முன்வரிசையில நின்னு விசிலும் அடிச்சுட்டு, பின்னால இந்த வேலையா?"

"அம்மாடி, எனக்கு எழுதவே வராதும்மா. டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும்..." மனிதர் அழாத குறை.

"இதுதான் கடிதம்" என்று அதிகாரி தாளைத் தூக்கிக் காட்டினார்.

வெள்ளைத் தாள். முத்துக் கோத்த எழுத்து. நூலகர் தாளைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். அவள் கண் தாளின் முதல் வரியில் நின்றது. பிறகு மெல்லக் கீழிறங்கியது. ஒவ்வொரு 'ழ'வுக்கும் ஒரு நீண்டு மடங்கிய வால். பத்து வயதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அட்டை எழுதியவளுக்கு அந்த வால் தெரியாதா? அவள் நிமிர்ந்து அவரைத் தேடினாள். கண்கள் சந்தித்தன.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வீட்டுப் பெண், அந்த வீட்டு மானத்தை அந்த வீட்டு வழியிலேயே காப்பாற்றினாள், வாயை மூடிக்கொண்டு. நிலம் போனாலும் சரி, ஆட்டம் போனாலும் சரி, வாசல் தாண்டிப் பேச்சு வராது.

நூலகர் கண்டக்டரைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். இதையா வளர்த்தோம்? ஒரு தூங்குமூஞ்சிக் கண்டக்டர் செய்யாத குற்றத்துக்கு நடுங்கி நிற்கிறார், பெற்ற பெண் தகப்பனுக்காகத் தலைகுனிந்து நிற்கிறாள், நாம் நிமிர்ந்த முதுகோடு நிற்கிறோம். இப்படி நிமிர்ந்து யாருக்கு என்ன பெருமை?

பந்து அவருக்கும் கண்டக்டருக்கும் நடுவில் விழுந்துகொண்டிருந்தது.

நூலகரின் வலது கை மேலே போயிற்று. வாயைத் திறந்தார். ஐம்பத்தெட்டு வருடம் திறக்காத கதவு, கீல் துருப்பிடித்திருந்தது, முதலில் காற்று மட்டும் வந்தது. இரண்டாம் முறை மொத்தமாக வந்தது.

"என்னுது!"

பட்டறைத் தெருக் கடைசியில் ஒரு நாய் குரைத்தது. அதிகாரியின் தலையிலிருந்த கைக்குட்டை நழுவியது. தன் குரல் இவ்வளவு பெரிது என்பது நூலகருக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"அந்தப் புகார் என்னுது" என்றார். "எழுத்து என்னுது. வாசகர்கள் எழுதல, நான் எழுதினேன். பேர் போட வெக்கப்பட்டு அவங்க பேரைப் போட்டேன். இந்தம்மா வந்து கேட்டப்பவும், போயிருக்குன்னு சொன்னேன். போகல. நான்தான் போட்டேன்." கண்டக்டரிடம் திரும்பினார். "என்னை மன்னிச்சுடுங்க."

கண்டக்டர் விசிலை எடுத்துத் துடைத்தார். "பரவால்ல சார். ஆனா ஒண்ணு, இவ்வளவு சத்தம் உங்ககிட்ட இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் அங்க தூங்கவே வந்திருக்க மாட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தபால்காரம்மா சிரிக்கவில்லை. நேராக அவரிடம் வந்தார்.

"சார், எங்க சட்டம் தெரியுமில்ல? என்னுதுன்னு சொல்லிட்டா மட்டும் போதாது. பந்தை எடுக்கணும்."

"பேனா குடுங்க" என்றார் நூலகர்.

ஸ்கோர் எழுதும் மேசையில் நின்றபடியே எழுதினார். புகாரை நான் திரும்பப் பெறுகிறேன். அடியில் தன் முழுப் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், அதற்குக் கீழே கையெழுத்து. அதிகாரி அதைக் கோப்பில் வைத்துக் கட்டினார். "அஞ்சு வருஷம்" என்றார். "இப்ப யாராவது ஆட்டத்தை ஆரம்பிங்க, நான் உட்காரணும்."

மூன்றாவது செட். முதல் பந்தே நடுவில் வந்தது. நூலகரின் மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். குரல்தான் வாசல் தாண்டியாகிவிட்டதே, இனி யாருக்காகக் காவல்?

"என்னுதூஊ!"

அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வரும் என்று ஹாரன் எதிர்பார்க்கவில்லை, நின்றுவிட்டாள். எதிரணி நின்றுவிட்டது. அவளுமே தன் குரலைக் கேட்டு அசந்து நின்றுவிட்டாள். பந்து நிதானமாக வந்து அவள் காலடியில் விழுந்தது.

பிறகு அவள் கையைத் தூக்கினாள், சிரிப்பு பொங்கியது. "இதுவும் என்னுது!"

"அப்பனுக்குத் தப்பாத பொண்ணு!" என்று டயர் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நூலகர் வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டுக் கேட்டிருக்கிறார். இது மாதிரி இனித்ததில்லை.

அடுத்த பந்தை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள். ஹாரன் பாதி மைதானத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். பதினைந்துக்குப் பதிமூன்று. கடைசிப் பந்தை வலைக்கு மேல் தட்டியவள் லைப்ரரியா ஹாரனா என்று இன்றுவரை தகராறு. இரண்டு பேரும் "உன்னுது, உன்னுது" என்கிறார்கள்.

அந்த வாரமே பத்து விளையாட்டுக்காரிகளும் நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்கினார்கள். ஹாரன் வாகன எந்திரம் பற்றி இருந்த ஒரே புத்தகத்தை எடுத்துப்போய், கிரீஸ் கைரேகையோடு திருப்பிக் கொடுத்தாள். "கறை என்னுது சார்" என்றாள், கேட்பதற்கு முன்னாலேயே. நூலகர் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு முறைதான்.

'அமைதி' என்ற பலகையை அவர் எடுக்கவில்லை. நூலகம் நூலகம்தான். அதில் அவருக்கு இரண்டு எண்ணம் கிடையாது.

ஒரு மாலை, கண்டக்டர் செய்தித்தாளுக்குப் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நூலகர் அட்டை எழுதிக்கொண்டிருந்தார். பின்ஜன்னலில் 'சலீர்' என்று ஒரு சத்தம். கண்ணாடித் துண்டுகளோடு பந்து உள்ளே உருண்டு வந்தது.

வெளியே மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு பத்துக் குரல், ஒரே நேரத்தில், பத்துத் திசையிலிருந்து.

"என்னுது!"

நூலகர் பேனாவை மூடி வைத்தார். எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி ஜன்னலுக்குப் போனார். பத்துக் கைகள் மேலே தூக்கியபடி நின்றன. அவற்றில் ஒன்று அவருடைய வீட்டுக் கை.

"ஒரு பந்துக்கு ஒருத்தர்தான்!" என்றார், தெருவே கேட்க. "இல்லேன்னா முட்டிக்குவீங்க!"

பின்னால் கண்டக்டர் திடுக்கிட்டு விழித்தார். செய்தித்தாளை இறக்கி, உதட்டில் விரலை வைத்து நூலகரைக் கண்டிப்போடு பார்த்தார்.

"உஷ்!"